எடை பார்க்கும் வீரர்

கிளைடர் வீரரே, தங்கள் நெஞ்சுரத்தை எந்த வாயால் புகழ்வேன்! இறக்கையில் ஒட்டிய பூச்சிகூடச் சறுக்கிப் பறக்கும் தூரத்தைக் குறைக்கும் என்று, பறந்தபடியே அதைத் துடைக்கும் கருவிக்குப் பணத்தை வாரி இறைத்தவர் தாங்கள். விமானத்தையே ஆளோடு தாங்கி இறக்கும் பாராசூட்டை மட்டும் எடை கூடும் என்று மறுத்துவிட்டீர்கள். வேகத்துக்காக அதே இறக்கைகளில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏற்றும்போது தங்கள் எடைக் கணக்கின் நுட்பம் யாருக்கு வரும்?

முதுகில் கட்டும் பாராசூட்டிடமும் தங்களுக்கு எத்தனை பரிவு! நைலான் பாராசூட்டை 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மடிக்கச் சொல்கிறது அமெரிக்க விதி. தாங்களோ அதன் உறக்கத்தைக் கலைக்க மனம் வராதவர். பகலெல்லாம் புல்தரையில் வெயில் காய்கிறது. இரவில் கார் டிக்கியின் ஈரத்தில் கிடக்கிறது. சாய்ந்துகொள்ள மெத்தென்று இருக்கிறது, அது போதாதா?

சுழன்று விழும் விமானத்தில் உடம்பு பல மடங்கு கனக்கலாம். காலை நீட்டிப் படுத்தாற்போல் இருப்பவர் எழுந்து வெளியேறுவது பெரும்பாடு. அதற்காகத்தான் ஜெர்மனியின் டிஜி கிளைடர் நிறுவனம் இருக்கைக்கு அடியில் காற்றுப்பை வைத்தது. மேல்மூடியைக் கழற்றிவிட்டுப் பிடியை இழுத்தால், பை உப்பி ஆளை விளிம்பு மட்டத்துக்குத் தூக்கிவிடும். ஆஹன் நகரப் பேராசிரியர் ரோகர், மூடி தலையில் இடிக்காமல் முன்பக்கம் எழும்பிப் பறந்துபோக, பின்பக்கம் ஒரு கொக்கி போதும் என்று காட்டினார். இதெல்லாம் சாமானியருக்கு. தங்கள் புஜபலத்துக்கு எதற்கு? மூடி, வார், குதி என்ற வரிசையைத் தரையில் ஒருமுறைகூடப் பழகாமலே அறிந்த ஞானி அல்லவா தாங்கள்!

ஆனாலும் தங்கள் கைவேகம்தான் கண்கொள்ளாக் காட்சி. தரையிறங்கியதும் இருக்கை வாரைக் கழற்றிய கை, அதே வீச்சில் பாராசூட் வாரையும் கழற்றிவிடுகிறது. பாராசூட்டை இருக்கையிலேயே விட்டுவிட்டு லேசாக எழுந்து வருகிறீர்கள். பழகிய கை ஆபத்திலும் பழக்கத்தை மறக்காது. ஆயிரம் மீட்டர் உயரத்திலும் இருக்கையை விட்டு அப்படியே லேசாக எழுந்துவிடுவீர்கள்.

இந்த வித்தையைத் தாங்கள் ஒளித்தும் வைக்கவில்லை. முன் இருக்கையில் பயிலும் பையன், யாரும் சொல்லித் தராமலே, தங்களைப் பார்த்து இரண்டு வாரையும் சேர்த்துக் கழற்றுகிறான். இத்தனை அனுபவசாலி கூட இருக்கிறார் என்ற தெம்பில்தான் அவன் தாய் அவனை அனுப்பிவைக்கிறாள்.