நிலைமொழி டிஸ்க், வருமொழி டயர்: புல்வெட்டி வண்டிச் சக்கரத்தின் புணர்ச்சி இலக்கணம்

வாழையும் பழமும் சேர்ந்தால் நடுவில் ஒரு 'ப்' தோன்றும். பொன்னும் குடமும் சேர்ந்தால் 'ன்' திரிந்து பொற்குடம் ஆகும். மரமும் வேரும் சேர்ந்தால் 'ம்' கெட்டு மரவேர் ஆகும். தோன்றல், திரிதல், கெடுதல் என்று இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்த்த மரபு, இரும்பு டிஸ்க்கும் ரப்பர் டயரும் சேரும்போது எது தோன்றும், எது திரியும், யாருடைய விரல் கெடும் என்பது பற்றி ஒரு நூற்பாகூடச் செய்யாமல் விட்டது பெருங்குறை. தொல்காப்பியரைக் குற்றம் சொல்ல முடியாது. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கியதே 1845இல்தான். அது விலைபோகாமல் மறந்துபோய், டன்லப் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடியும் கண்டுபிடித்தது 1888 வாக்கில். ஆனால் 1888க்குப் பின் வந்த இலக்கண ஆசிரியர்களுக்கு ஒரு சாக்கும் கிடையாது. அவர்கள் விட்ட இடத்தை இக்கட்டுரை நிரப்புகிறது.

ஆய்வுக்குக் கிடைத்த சக்கரம் ஒன்றே ஒன்று. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்றின் பின்சக்கரம். வண்டி திருவனந்தபுரத்தில் ஒரு மைதானத்துக்குச் சொந்தம். எந்த மைதானம் என்பதை ஆய்வு நெறி கருதி மறைக்கிறேன். அங்கே புல்லைப் பராமரிப்பவர் என் மச்சான், அவருக்கு வேலை முக்கியம். கார்யவட்டம் கிரீன்ஃபீல்ட் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கலாம். 2017 நவம்பர் 7ஆம் தேதி மழை விட்டும் விடாமலும் பெய்ய, ஆளுக்கு 8 ஓவராகக் குறைத்து இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடி முடித்த மைதானம் அது. அங்குள்ள புல்லுக்கு என் மச்சானைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

புல்வெட்டும் இயந்திரத்தின் வரலாற்றை ஓரிரு வரியில் முடித்துவிடலாம். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கத்தைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங், துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீராக வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து, இதைத் தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்து 1830இல் காப்புரிமை வாங்கினார். நம் பக்கத்தில் அந்த வேலையை ஆடு பார்த்துக்கொண்டது. ஆட்டுக்கு டயர் இல்லை. ஆகவே பஞ்சரும் இல்லை.

இனி அளவு. சக்கரத்தின் பக்கச்சுவரில் 20×8.00-8 என்று அச்சிட்டிருந்தது. உயரம் 20 அங்குலம், அகலம் 8, உள்ளே உட்காரும் டிஸ்க்கின் விட்டம் 8. இவ்வகை வண்டிகளின் முன்சக்கரம் பெரும்பாலும் 15×6.00-6. இங்கேதான் இந்த ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு. தம்பானூரில் ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே மொய்க்கும் ஆட்டோக்களில் பலவற்றின் டயர் 4.00-8. அகலம் பாதிதான், ஆனால் கடைசி எட்டு அதே எட்டு. சீமைப் புல்வெளிக்குப் பிறந்த சக்கரமும் மேட்டுக்கடைக்கு மீட்டர் போடாமல் ஓடும் சக்கரமும் ஒரே விட்டத்தில் பிறந்தவை. இலக்கணத்தில் இதை ஈற்றெழுத்து ஒன்றாதல் எனலாம். இந்த ஒற்றுமையால் விளைந்த சங்கடம் கட்டுரையின் கடைசியில் வருகிறது.

காற்றின் அளவுதான் ஆட்டோவையும் புல்வெட்டியையும் பிரிக்கிறது. பஸ் டயருக்கு நூறு பவுண்டுக்கு மேல் அடிப்பார்கள். காருக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேலே. புல்வெட்டிக்கு முன்னால் சுமார் 14, பின்னால் சுமார் 10. ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறுகினால் குற்றியலுகரம் என்கிறோம் அல்லவா, இது குற்றியல் காற்று. குறுகியதற்குக் காரணமும் உண்டு. டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தோடுதான் அது தரையை மிதிக்கும். பத்து பவுண்டு டயர் பரந்து, சப்பையாகி, புல்லின் மேல் கால் வைத்ததே தெரியாமல் போகும். உலகத்தில் எல்லா டயரும் தடம் பதிக்கப் பிறந்தவை. தடம் பதிக்கக் கூடாது என்பதற்காகவே பிறந்த டயர் இது ஒன்றுதான். (பழைய கால மாப்பிள்ளைகள் மாமனார் வீட்டில் நடந்தது போல.) இதில் யாராவது முப்பது அடித்துவிட்டால் குற்றியலுகரம் முற்றியலுகரமாகி, வண்டி குதிக்கும், ஈர மண்ணில் வரி விழும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லாமல் போனால் அடியில் இருக்கும் வெட்டும் தட்டு சாய்ந்து, மைதானத்தில் ஒரு பக்கம் மொட்டையும் மறுபக்கம் கிராப்புமாக இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றிய கதையை மச்சான் வாய்மொழியாகத் தந்தார். நடுவே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைப் பெயர்த்தால் அச்சின் நுனியில் ஒரு வட்டக் கிளிப். அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பும்போது அது பறந்து புல்லுக்குள் போய் விழும். அது விழும் இடம் எப்போதும் வெட்டாத இடம். பிறகு வாஷர். பிறகு சக்கரம் வர வேண்டும், வராது. கேரளத்து மழையில் அச்சும் டிஸ்க்கும் துருப்பிடித்து ஒருசொல் நீர்மைப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தால், கூடவே ஒரு சிறு இரும்புத் துண்டு விழும். கீ என்பார்கள். அச்சில் ஒரு பள்ளம், சக்கரத்தில் ஒரு பள்ளம், இரண்டுக்கும் நடுவில் இது. இதற்கு முன்னோர் வைத்த பெயர் சாரியை. 'மரத்தை' என்பதில் வரும் 'அத்து' போல, தனக்கென்று ஒரு பொருளும் இல்லை, ஆனால் அது இல்லாவிட்டால் பெயரும் வேற்றுமை உருபும் ஒட்டாது. கீயைத் தொலைத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டினால் எஞ்சின் ஓடும், அச்சு சுற்றும், வண்டி மட்டும் நின்ற இடத்தில் நின்று யோசிக்கும். மச்சான் கீயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டை மறுநாள் துவைக்கப் போனது என்பது தனி ஆய்வுக்கு உரியது.

சக்கரத்தை ஆட்டோவில் ஏற்றித் தம்பானூருக்குக் கொண்டுபோனேன். ஏன் தம்பானூர்? நாகர்கோவில் பஸ் அங்கே நிற்கும் என்பது என் சொந்தக் காரணம். ஆய்வுக் காரணம் வேறு. நம் ஊர்களில் டயர் கடை என்றால் 'வல்கனைசிங்' பலகைக்கு அடியில் ஒரு மலையாளி இருப்பார் என்பது ஒரு காலத்து வழக்கு. மூலபாடத்தை அதன் பிறந்த மண்ணிலேயே பார்ப்பது சுவடி ஆய்வின் முதல் விதி. இந்தியாவில் ரப்பர் மரம் அதிகம் வளர்வதும் கேரளத்தில்தான். ரப்பர் வாரியம் கோட்டயத்தில்தான் இருக்கிறது.

நிலவுக்குப் போனாலும் மலையாளியின் டீக்கடை இருக்கும் என்ற பழைய வேடிக்கையை இங்கே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. டீக்கடை பற்றிச் சான்று இல்லை. ஆனால் 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 நிலவுக்குக் கொண்டுபோன இரண்டு சக்கரக் கைவண்டிக்கு ரப்பர் டயர் இருந்தது. உள்ளே நைட்ரஜன் அடைத்திருந்தார்கள். இன்று நம் பெட்ரோல் பங்குகளில் தனிக் காசு வாங்கிக்கொண்டு அடிக்கும் அதே நைட்ரஜன். அந்தப் பயணத்தில்தான் ஆலன் ஷெப்பர்ட் அங்கே கோல்ஃப் பந்தும் அடித்தார். ஆக நிலவில் டயரும் இருந்தது, கோல்ஃபும் இருந்தது, வெட்டப் புல்தான் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் போன அப்பல்லோ 15இன் காருக்குக் கம்பிவலைச் சக்கரம், காற்றே கிடையாது. பஞ்சர் கடைக்கு வேலை இல்லாத இடத்தில் மலையாளி கடை போடவில்லை என்பதே என் முடிவு. அப்பல்லோ டயர்ஸ் தன் முதல் ஆலையை 1977இல் சாலக்குடிக்குப் பக்கத்துப் பேராம்பிராவில் தொடங்கியது. நிலவு பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் சக்கரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தரு அண்ணாச்சி இது? டிராக்டரின்றெ குட்டியா?"

"புல்லு வெட்டுற வண்டி சேட்டா."

"மனுஷன் ஏறி இருந்து வெட்டுமோ?"

"ஏறி இருந்துதான்."

அவர் பக்கச்சுவரைத் துடைத்து, எண்ணை உரக்கப் படித்தார். "எட்டு. ஆட்டோ எட்டு." காத்திருந்த ஆட்டோக்காரரும் அதைக் கேட்டுத் தலையாட்டினார். எனக்கு முன்னால் நாலு டியூப் வரிசையில் இருந்தன. டிஸ்க்கின் ஓரத்தில் துரு வேறு. ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னார்.

பக்கத்திலேயே லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காஃபி ஹவுஸ். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் கோபுரம். உள்ளே படியே இல்லை, தளமே சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டு போகிறது, ஒவ்வொரு மேசையும் முந்தைய மேசையைவிடக் கொஞ்சம் உயரத்தில். நடுவில் ஒரு உருளை. பீட்ரூட் நிறத்து மசாலாவோடு தோசை சாப்பிட்டபடி இதைக் கவனித்தபோதுதான் எனக்கு டிஸ்க்கின் உள்ளமைப்பு பிடிபட்டது. எல்லாம் நடுவைச் சுற்றியே நடக்கிறது.

டயரின் உள்விளிம்பில் இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய வளையம் ஒன்று இருக்கும். கடைகளில் பீடிங் என்பார்கள். கம்பி நீளாது. அதன் விட்டம் டிஸ்க்கின் விளிம்பைவிடச் சிறியது. அப்படியானால் அது எப்படி உள்ளே போகும்? ஆட்டோ டிஸ்க்கில் இந்தச் சிக்கலே இல்லை. அது இரண்டு பாதியாக இருக்கும். போல்ட்டைக் கழற்றிப் பிரித்து, டியூபோடு டயரை நடுவில் வைத்து, மறுபடி முடுக்கினால் தீர்ந்தது. அது இயல்பு புணர்ச்சி. (காற்றை இறக்காமல் அந்தப் போல்ட்டைக் கழற்றுகிறவர் இலக்கணத்தைத் தாண்டி வேறு உலகத்துக்குப் போய்விடுவார்.) புல்வெட்டி டிஸ்க் ஒரே துண்டு. ஆகவே விகாரப் புணர்ச்சி. அதன் ரகசியம் நடுவே ஓடும் பள்ளம். பீடிங்கின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கி மிதித்துக்கொண்டால், எதிர்ப்பக்கத்தில் அரை அங்குலம் இளக்கம் கிடைக்கும். அந்த இளக்கத்தில் லிவரை விட்டு நெம்பினால் ஏறிக்கொள்ளும். பள்ளத்தில் இறக்காமல் பலத்தைக் காட்டுபவர் லிவரை வளைப்பார், பீடிங்கைக் கிழிப்பார், கடைசியில் டயரைத் திட்டுவார்.

தம்பானூரும் அப்படித்தான். சுற்றிலும் மேடு, இது பள்ளம். ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. ஒரு மணி நேரம் நின்று பெய்தால் நகரத்து வெள்ளம் முழுக்க இங்கே வந்து உட்காரும். 2015இல் ஆபரேஷன் அனந்தா என்று பெயர் வைத்து ஓடைகளைத் தோண்டினார்கள். வெள்ளத்துக்கு அது பள்ளம், ஜனங்களுக்கும் அதுதான் பள்ளம். கன்னியாகுமரிக்கோ கொல்லத்துக்கோ போக வேண்டுமென்றாலும் முதலில் இந்தக் குழிக்குள் இறங்கித்தான் விளிம்பைத் தாண்ட முடியும். நகரத்தை யார் திட்டமிட்டார்களோ, டயர் மாட்டத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது சேட்டன் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து முடித்திருந்தார். பழைய வால்வைப் பிடுங்கிப் புதிது இழுத்துச் சொருகினார். பிறகு சோப்புத் தண்ணீர். இதைத்தான் நம் இலக்கணம் உடம்படுமெய் என்கிறது. மணியும் அடித்தாரும் நேராகச் சேர மறுக்கும்போது இடையில் ஒரு 'ய்' வந்து மணியடித்தார் ஆக்குகிறதே, அந்த வேலையைச் சோப்பு செய்கிறது. கிரீஸ் தடவலாமா என்று கேட்டேன். அது காயாது, பிறகு டிஸ்க் ஒருபக்கம் சுற்ற டயர் ஒருபக்கம் நிற்கும் என்றார். உடம்படுமெய் வந்த வேலை முடிந்ததும் காய்ந்துவிட வேண்டும். 'ய்' அப்படி அடக்கமாக இருப்பதால்தான் அதற்கு நன்னூலில் இடம் கிடைத்தது.

ஏறிவிட்டது. ஆனால் காற்று நிற்கவில்லை. டியூப்லெஸ் டயரில் பீடிங் இரண்டு விளிம்பிலும் போய் ஒட்டினால்தான் காற்று நிற்கும்; காற்று நின்றால்தான் பீடிங் விளிம்பில் போய் ஒட்டும். வேலை அனுபவம் இருந்தால்தான் வேலை என்கிற அதே கணக்கு. நாள்பட்ட டயர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. அடித்த காற்றெல்லாம் 'புஸ்' என்று போயிற்று. பெட்ரோலைத் தெளித்துத் தீக்குச்சி கிழித்து வெடிக்கவைக்கிற முறை ஒன்று உண்டு. அது ஆய்வாளரையும் சேர்த்து வெடிக்கவைக்கும் என்பதால் இக்கட்டுரை அதைப் பரிந்துரைக்கவில்லை. சேட்டன் லாரி டியூபிலிருந்து வெட்டிய நீளப் பட்டையை எடுத்தார். டயரின் வெளி வட்டத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, நடுவே ஒரு கம்பியைக் கொடுத்து முறுக்கினார். நடு அமுங்க, விளிம்புகள் இரண்டும் வெளியே பிதுங்கின. காற்றுக் குழாயை வைத்தார். 'டப்' என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டப்'. வல்லினம் மிகுந்தது. முதல் 'டப்' கேட்டதுமே பட்டையை அவிழ்த்துவிட்டார். பக்கச்சுவரில் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டி அடித்தால் மூன்றாவது 'டப்' கேட்கும். அதைக் கேட்டவர் எழுதிவைப்பதில்லை.

"முப்பது வைக்கட்டே?"

"பத்து போதும் சேட்டா."

"பத்தோ? பத்து பலூனுக்கு, அண்ணாச்சி."

குற்றியலுகரத்தை விளக்க முயன்றேன். கடையில் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் பதினைந்தில் சமரசம் ஆயிற்று. மச்சான் வால்வை அழுத்தி இறக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் பாக்கி. புல்வெட்டி வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது. ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் பிறந்தது. 1904இல் டேவிஸ் சகோதரர்கள், ஆரமில்லாத ஒரு வட்டில் டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வவைக்கும் உபாயத்தைச் செய்து விற்றார்கள். பிறந்த நாட்டில் அந்தச் சொல் செத்துப்போயிற்று. பிரேசிலில் 'எஸ்டெபே' என்று வேஷம் மாறி உலாவுகிறது. தமிழிலும் மலையாளத்திலும் கொஞ்சமும் திரியாமல், கெடாமல் வாழ்கிறது. ஊர் அரட்டையில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு; அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.

சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பினேன். ஓவர்பிரிட்ஜ் தாண்டுவதற்குள் வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஓரங்கட்டினார். பின்டயரில் ஆணி. ஜாக்கி வைத்து மூன்று நட்டையும் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை எடுத்தார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அதிலும் காற்றில்லை. என்றைக்கோ மாற்றிவைத்த பஞ்சர் டயர்தான் அது.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் கண் மெல்ல என் மடிக்கு வந்தது.

"அண்ணாச்சி, அதும் எட்டல்லே?"