நார்னியாவுக்கு உருளைக்கிழங்கு சப்ளை செய்தது யார்?

நூறு வருஷமாக ஒரே பனி. நடுவில் ஒரு நாளாவது வெயில் அடித்ததாகத் தகவல் இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் பீவர் என்கிற அணை கட்டும் பிராணி, முன்பின் தெரியாத நாலு பிள்ளைகளை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வருகிறது. ஐஸில் துளை போட்டுப் பிடித்த மீன் மேஜைக்கு வருகிறது, சரி, ஒப்புக்கொள்ளலாம். கூடவே உருளைக்கிழங்கு, பெரிய கட்டி வெண்ணெய், பிள்ளைகளுக்குக் கெட்டிப் பால், அப்பா பீவருக்கு பீர், எல்லாம் முடிந்ததும் ஆவி பறக்கிற மார்மலேட் ரோல், அப்புறம் தேநீர். மார்மலேடுக்கு ஆரஞ்சு வேண்டும், ஆரஞ்சுக்கு வெயில் வேண்டும். வெண்ணெய்க்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும். பீவரம்மாவிடம் தையல் மெஷின் வேறு இருக்கிறது. நூல்கண்டு எந்தக் கடையில் வாங்கினாள் என்று விருந்தாளிகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இந்த விருந்து நடக்கும் புத்தகம், சி.எஸ். லூயிஸின் ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’, 1950இல் வந்தது. சின்ன வயதில் படித்தபோது எனக்கும் இதெல்லாம் தோன்றவில்லை. பத்து வயதில் விருந்தைப் பார்த்தால் சாப்பிடத்தான் தோன்றும். பில் யார் கட்டுவார்கள் என்ற கவலை நாற்பதுக்கு மேல்தான் வரும். இப்போது மறுபடி படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கேட்க வேண்டிய கேள்வியை இந்தப் புத்தகத்தில் யாருமே கேட்பதில்லை. கேட்டால் கதை நாலாம் அத்தியாயத்தில் முடிந்துவிடும்.

நாலாம் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் குண்டு விழுகிறதென்று கிராமத்துப் பெரிய வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாலு பேரில் மூன்றாமவன் எட்மண்ட், அலமாரி வழியாக நார்னியாவுக்குள் போய்த் தனியாக வெள்ளைச் சூனியக்காரியிடம் மாட்டுகிறான். அந்த ஊர் ஆருடப்படி, ஆதாமின் மகன்கள் இரண்டு, ஏவாளின் மகள்கள் இரண்டு என நாலு மனிதர்கள் நாலு சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் அம்மையாரின் ஆட்சியும் ஆயுளும் காலி. நாலு பேரும் வேண்டும். மூன்று பேர் போதாது. ஆகவே ஒருவனைத் தீர்த்துவிட்டால் போதும், ஆருடம் அத்தோடு அம்பேல். அந்த ஒருவன் அவள் எதிரிலேயே நிற்கிறான். ஆளைக் கல்லாக்கும் மந்திரக்கோல் கையில் இருக்கிறது. ஓங்கவும் செய்கிறாள். பிறகு ஏனோ மனசு மாறி, பக்கத்தில் உட்கார வைத்துப் போர்வை போர்த்தி, டர்க்கிஷ் டிலைட் மிட்டாய் ஊட்டி, “போய் உன் அண்ணன், அக்கா, தங்கையையும் கூட்டி வா” என்று அனுப்பிவைக்கிறாள். மூன்று பேர் மட்டும் உட்கார்ந்தால் ஆருடம் பலிக்காதே என்ற யோசனை அவளுக்குப் பதின்மூன்றாம் அத்தியாயத்தில்தான் உதிக்கிறது. நூறு வருஷம் ஒரு நாட்டைக் கட்டி ஆண்டவளுக்கு நாலில் ஒன்று போனால் மூன்று என்று தெரிய ஒன்பது அத்தியாயம் ஆகியிருக்கிறது.

அவளுடைய நிர்வாகமும் அந்த லட்சணம்தான். மனிதக் குழந்தை கண்ணில் பட்டால் பிடித்துத் தர வேண்டும் என்று ஆட்டுக்கால் மனிதர் டும்னஸுக்கு உத்தரவு. அவரோ நாலு பேரில் இளையவளான லூஸியை வீட்டுக்குக் கூட்டிப்போய் முட்டை, மத்தி மீன் வைத்த ரொட்டி, தேன் தடவிய ரொட்டி, கேக் என்று உபசரித்து, புல்லாங்குழலும் வாசித்துவிட்டு, “நான் பிள்ளை பிடிக்கிறவன் அம்மா” என்று அழுகிறார். பிள்ளை பிடிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கும்போது கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

எட்மண்டை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மிட்டாய்ப் பெட்டிக்காகக் கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்தான் என்று திட்டுகிறவர்கள் இந்தப் புத்தகம் வந்த சமயத்துப் பிரிட்டனை நினைத்துப் பார்க்க வேண்டும். யுத்தம் முடிந்து ஐந்து வருஷமாகியும் சர்க்கரை ரேஷன், வெண்ணெய் ரேஷன், தேயிலை ரேஷன். 1949 ஏப்ரலில் மிட்டாய்க் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஜனம் கடைகளைத் துடைத்து எடுத்துவிட்டது. ஆகஸ்டிலேயே மறுபடி கட்டுப்பாடு. அது ஒழிய 1953 பிப்ரவரி ஆயிற்று. இந்த நிலைமையில் ஒரு பையன் முன்னால் பவுண்டு பவுண்டாக மிட்டாயை வைத்தால்? அன்றைய பிரிட்டிஷ் சிறுவர்கள் எட்மண்டைக் கண்டித்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். மூன்று பேருக்கு ஒரு பெட்டி என்பது மலிவு என்று பேரம் பேசியிருப்பார்கள். பீவர் வீட்டு வெண்ணெய்க் கட்டியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. அதை நார்னியாவில் யாரும் கடையவில்லை. கூப்பனோடு வரிசையில் நின்றவர்களின் ஆசையில் திரண்ட வெண்ணெய் அது.

கிறிஸ்துமஸ் தாத்தா விஷயம் இன்னும் வேடிக்கை. சூனியக்காரியின் மந்திரம் தளரத் தொடங்கியதும் வண்டியில் வந்து மூத்தவன் பீட்டருக்கு வாள், அடுத்தவள் சூசனுக்கு வில், கடைக்குட்டி லூஸிக்குக் கத்தி என்று பிள்ளைகளுக்கு ஆயுத விநியோகம் செய்கிறார். செய்துவிட்டுப் பெண்கள் சண்டை போட்டால் நன்றாக இருக்காது என்று உபதேசம் வேறு. பீவரம்மாவுக்குப் புதுத் தையல் மெஷின். கிறிஸ்து பிறக்காத உலகத்தில் கிறிஸ்துமஸ் எப்படி வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இந்தக் கதம்பம் லூயிஸின் நண்பர் டோல்கியனுக்கே பிடிக்கவில்லை.

ஆனால் என் பார்வையில் முதல் குற்றவாளி பிள்ளைகள் தங்கிய அந்தக் கிராமத்து வீட்டுக்காரரான புரொபஸர். அலமாரிக்குள் ஒரு நாடு இருக்கிறது என்று லூஸி சொன்னதைப் பீட்டரும் சூசனும் அவரிடம் புகாராகக் கொண்டுபோகிறார்கள். அவர் தர்க்கப் பாடம் நடத்துகிறார்: பொய், பைத்தியம், உண்மை என்று மூன்றே சாத்தியம், பொய்யும் இல்லை, பைத்தியமும் இல்லை, ஆகவே உண்மை. அபாரம். 1955இல் வந்த ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’வைப் படித்தால்தான் ஆசாமி யாரென்று தெரிகிறது. சின்னப் பையனாக இருந்தபோது மணி அடித்து அந்தச் சூனியக்காரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, நார்னியா பிறந்த அன்றைக்கே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவரே இவர்தான். அலமாரியும் நார்னியா ஆப்பிளின் விதையில் முளைத்து, புயலில் விழுந்த மரத்தில் செய்தது. அதைக் காலி அறையில் பூட்டாமல் வைத்துவிட்டு, நாலு பிள்ளைகளை வீட்டில் விட்டு, தர்க்கம் பேசுகிறார். ‘ஆமாம்மா, நானும் போயிருக்கிறேன், அங்கே ஒரு பொம்பளை இருப்பாள், கொடுத்ததை வாங்கித் தின்னாதே’ என்று ஒரு வார்த்தை? ஐந்து வருஷம் கழித்து எழுதப்போகும் புத்தகம் அவருக்கு எப்படித் தெரியும் என்று லூயிஸின் வக்கீல் வாதாடலாம். வாதாடட்டும். அலமாரிக்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாம்.

கடைசியில் நாலு பேரும் பதினைந்து வருஷம் போல ராஜ்ஜியம் ஆள்கிறார்கள். தாடி வைத்த ராஜா, கல்யாணத்துக்குத் தூது வரும் ராணி. ஒரு நாள் வெள்ளை மானைத் துரத்தி வந்து, குதிரைகளை மரத்தில் கட்டிவிட்டுப் புதருக்குள் நுழைகிறார்கள். அலமாரி வழியாகப் பழையபடி பள்ளிக்கூடப் பிள்ளைகளாக வெளியே விழுகிறார்கள். வாரிசு இல்லை, பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை, போகிறோம் என்று ஒரு சீட்டுகூட இல்லை. நேராக புரொபஸரிடம் ஓடி எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார்கள். எதற்காக? பனிக்குப் போட்டுக்கொண்டு போன நாலு கோட்டு அலமாரியில் குறைகிறதே, அதற்கு விளக்கம் சொல்ல வேண்டுமாம். கோட்டைத் திரும்ப எடுக்க அந்த வழியாகப் போக முடியாது என்று அவரும் அக்கறையோடு ஆலோசனை சொல்கிறார். குதிரைகளை அவிழ்த்துவிட்டது யார் என்று அவரும் கேட்கவில்லை.