ஊவாவில் சமத்துவம் வந்த கதை

இலங்கையில் ஊழல் செய்யாத அரசியல் சபை ஒன்று இருக்கிறதென்றால் அது எங்கள் ஊவா மாகாண சபைதான். 2019 ஒக்டோபருக்குப் பிறகு அங்கே எந்த உறுப்பினரும் கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. கட்சி தாவியதில்லை. 2018இல் பாராளுமன்றத்தில் நடந்ததைப் போல மிளகாய்த்தூள் வீசியதில்லை. இவ்வளவு ஒழுக்கத்துக்கும் காரணம் ஒன்றே ஒன்று: சபையில் உறுப்பினர்களே இல்லை.

நாங்கள் கடைசியாக மாகாண சபைக்கு ஓட்டுப் போட்டது 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி. 34 பேரைத் தெரிவு செய்து அனுப்பினோம். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 19, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13, ஜே.வி.பி.க்கு 2. ஐந்து வருடம் முடிந்தது, அவர்களும் வீட்டுக்குப் போனார்கள். மற்ற மாகாணங்களின் சபைகள் 2017இலிருந்தே ஒவ்வொன்றாகக் காலாவதியாகிக்கொண்டு வந்தன. ஒன்பதிலும் கடைசியாகக் கண்ணை மூடியது எங்களுடையதுதான். வறுமைப் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் நிற்கும் மாகாணம், இதிலாவது பின்னால் நின்றதே என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதிகள் மாறினார்கள், ஆளுநர்களும் மாறினார்கள். வாழ்த்துப் பதாகைகளில் படம் மாறியதைப் பார்த்துத்தான் ஆள் மாறிய சேதி பதுளை டவுனில் எங்களுக்குத் தெரியும். யாரை வைக்கலாம் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை.

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறீர்களா? அதுதான் இந்தக் கதையிலேயே ரசமான பகுதி. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றி ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். புது முறைக்குத் தொகுதி பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு குழு. குழு அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அறிக்கை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாகப் பூச்சியம். அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே அதற்கு எதிராகக் கை தூக்கினார். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை தானே எழுந்து “இந்தச் சம்பந்தம் வேண்டாம்” என்று சொன்ன மாதிரி. பிறகு அதை மீளாய்வு செய்ய இன்னொரு குழு. அந்தக் குழுவின் முடிவு இன்னும் எங்கள் ஊர் வந்து சேரவில்லை. பழைய முறை போய்விட்டது, புது முறை பிறக்கவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மாகாணமே தொங்கிக்கொண்டிருக்கிறது.

திகதி குறித்த தேர்தலுக்கும் இங்கே உத்தரவாதம் கிடையாது. உள்ளூராட்சித் தேர்தலை 2023 மார்ச் 9ஆம் திகதி நடத்துவதாக அறிவித்தார்கள். வேட்புமனு வாங்கினார்கள், கட்டுப்பணம் வாங்கினார்கள். பிறகு திறைசேரியில் காசில்லை என்றார்கள். வேட்பாளர்கள் சுவரொட்டிக்கு வாங்கிய கடனைக் கட்டிக்கொண்டே காத்திருந்தார்கள். தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. ஓட்டுப் பெட்டி வந்தது 2025 மே 6ஆம் திகதி. மாகாண சபைத் தேர்தலையும் ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்று தேசிய மக்கள் சக்தி 2024இல் விஞ்ஞாபனத்தில் எழுதியது. எந்த வருடம் என்று எழுதாமல் விட்டது அவர்களுடைய சாமர்த்தியம்.

“மாகாண சபை இல்லாட்டி என்னா மாஸ்டர், லயத்துல அடுப்பு எரியாமலா போச்சு?” என்று டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். தோட்டத்தில் தேர்தல் என்றால் கொள்கை விளக்கமா நடந்தது? தகரம் வந்தது. கூரைக்குத் தகரம், கோயிலுக்கு ஸ்பீக்கர், பையன்களுக்குக் கிரிக்கெட் மட்டை, தண்ணீர்த் தாங்கிக்கு அடிக்கல். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கூரையில் பாதியாவது புதிதாகும். தேர்தல் நின்றதும் தகரமும் நின்றது. ஜனநாயகம் எங்கள் லயத்துக்கு ஒழுகாத கூரையாகத்தான் வந்தது. இப்போது அதுவும் ஒழுகுகிறது.

தகரத்தை விடுங்கள், முறையிடுவதற்கே ஆளில்லை. எங்கள் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆட்டோக்காரர்கள் அதற்குத் தனியாகக் கூலி கேட்கிறார்கள். முதலில் உள்ளூராட்சிக் கந்தோருக்குப் போனேன். “இது தோட்டத்து ரோட்டு மாஸ்டர், எங்க பொத்தகத்துல இல்ல” என்றார்கள். தோட்டத்துக் கந்தோருக்குப் போனேன். “கம்பனி நட்டத்துல ஓடுது, நீங்க கவர்மெண்டுக்கு எழுதுங்க” என்றார்கள். எழுதினேன். பதில் வந்தது, சிங்களத்தில். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று எழுதியிருந்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைகள் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். சட்டம் திருந்திவிட்டது, ரோட்டுதான் திருந்தவில்லை.

சபை இருந்த காலத்தில் ஊவாவில் பாலும் தேனும் ஓடியது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை ஒன்றைப் பாடசாலையில் சேர்க்க மறுத்ததற்காக, பதுளையில் ஒரு தமிழ் மகளிர் பாடசாலை அதிபரை அன்றைய முதலமைச்சர் முழந்தாளிட வைத்தார் என்று 2018 ஜனவரியில் குற்றச்சாட்டு எழுந்தது. நாடே பேசியது. கடைசியில் மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பை விட்டு அவர் ஒதுங்க வேண்டி வந்தது. ஓட்டுக் கேட்டு வருகிற ஆளை நிறுத்திக் கேள்வி கேட்கலாம், கூட்டம் கூடித் திட்டலாம், அடுத்த தடவை தோற்கடிக்கலாம். கடிதம் மூலம் நியமிக்கப்பட்டவரை எதை வைத்துத் தோற்கடிப்பது?

ஓட்டு இல்லாமல் இருப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டிலிருந்து பாராளுமன்றத்துக்கு ஆட்களை அனுப்பியது. அதைப் பார்த்துப் பயந்தவர்கள் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1949இல் வாக்குரிமையையும் எடுத்தார்கள். 1952 தேர்தல் நேரத்தில் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டார்கள், ஓட்டுக்குக் கூப்பிடவில்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆட்களைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்தார்கள். நாடற்ற நிலையை முழுதாகத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆனது.

அந்தக் காலத்தில் எங்களுடைய ஓட்டைப் பறிக்கச் சட்டம் தேவைப்பட்டது. விவாதம் நடந்தது, எதிர்த்துப் பேசவும் சிலர் இருந்தார்கள். இப்போது சட்டமே வேண்டாம், திகதி குறிக்காமல் விட்டால் போதும். அன்று பறிகொடுத்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்தான். இன்று வெலிமடையில் உருளைக்கிழங்கு போடும் சிங்களவரும், பதுளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிமும், பசறையில் கொழுந்து பறிக்கும் தமிழச்சியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2014இல் ஏழாம் வகுப்பில் படித்த பிள்ளைகள் இப்போது பிள்ளை பெற்றுவிட்டார்கள். மாகாண சபைக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. இன மத மொழி பேதமில்லாத சமத்துவம் வேண்டும் என்று எத்தனை மேடைகளில் கத்தினோம்! வந்தே விட்டது.

சிரித்துவிட்டு இதை மறந்துவிடலாம்தான். ஆனால் எங்கள் மலை மறக்க விடுவதில்லை. அந்தக் கடைசி மாகாண சபைத் தேர்தல் நடந்து ஆறு கிழமைகூட ஆகவில்லை, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்னார்கள், எழுதினார்கள், கோப்பில் வைத்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மண் சரிந்தது. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவே இல்லை என்று பலர் குறை சொன்னார்கள். தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் ஆட்சிமொழியாகவும் இருக்கிறது. ஆட்சிமொழி அரசியலமைப்பில் பத்திரமாக இருந்தது, எச்சரிக்கையைத்தான் காணவில்லை.

புயலோடு நவம்பர் 28ஆம் திகதி அவசரகாலமும் வந்தது. மண்சரிவுக்கென்று வந்த சட்டத்தை, சமூக ஊடகங்களில் ஜனாதிபதியையும் அமைச்சர்களையும் அவதூறு செய்பவர்கள்மேல் பாவிக்கும்படி ஒரு பிரதி அமைச்சரே பொலிஸாருக்குச் சொன்னதாகச் செய்தி வந்தது. இதற்கு முன்பே 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்துவிட்டது. எது பொய்யான கூற்று என்று ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு தீர்மானிக்குமாம். மேடையில் ஒலிவாங்கி பிடித்துச் சொன்ன பொய் இந்தச் சட்டத்தில் அடங்காது. போனில் பெருவிரலால் தட்டிய பொய்தான் அடங்கும். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பது வருடத்துக்கு மேல் தளராமல் நின்றது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வரவேண்டிய தேர்தல் மட்டும் வழிதவறிப் போய்விட்டது. பிடிக்கும் சட்டங்களுக்கு இங்கே ஆயுசு கெட்டி, கேட்கும் உரிமைகளுக்குத்தான் அற்பாயுள்.

ஆகவே ஊவா வாசகரே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எந்தத் தேர்தலுக்காவது, எந்தக் கட்சிக்காரராவது லயத்து வாசலுக்குக் கும்பிட்டுக்கொண்டு வந்தால், தகரம் எத்தனை என்று கேட்காதீர்கள். மாகாண சபைத் தேர்தல் எந்தத் திகதியில் என்று கேளுங்கள். பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். தராவிட்டால் அவருக்கு ஓட்டு இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்.