யாருக்குக் கொழுப்பு அதிகம்?

கொழுப்பை அளந்த பெரியவர்கள் பலரும் வேறு எதையோ தேடப் போனவர்கள்.

இத்தாலியின் பதுவாவில் சாந்தோரியோ என்றொரு டாக்டர். தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், தூங்கினார். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூச்சமில்லாமல் எடை போட்டார். எட்டு பவுண்டு போனால் மூன்றுதான் வந்தது. மீதி ஐந்து, கண்ணுக்குத் தெரியாத வியர்வையாம். 1614-இல் புத்தகமே போட்டுவிட்டார்.

அடுத்தவர் பெல்ஜியத்து கெத்லே. வானியல்காரர். நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஊரார் உயரத்தையும் எடையையும் கணக்கெடுத்தார். சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்பதுதான் அவர் கவலை. யார் குண்டு என்று பார்ப்பது அவர் நோக்கமில்லை. உயரத்தையும் எடையையும் இணைத்த அந்தக் கணக்குக்கு 1972-இல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் கோஷ்டி பிஎம்ஐ என்று பெயர் சூட்டியது. பழி மட்டும் கெத்லே தலையில்.

நிஜமாகவே கொழுப்பின் கழுத்தைப் பிடித்தவர் அமெரிக்கக் கடற்படை டாக்டர் ஆல்பர்ட் பென்கே. முக்குளிப்பவர்களுக்கு வரும் நைட்ரஜன் தொல்லைதான் அவர் பாடம். அந்த வாயு தண்ணீரைவிடக் கொழுப்பில் ஐந்து மடங்கு கரையும். ஆகவே யாரிடம் எவ்வளவு கொழுப்பு என்று அறிய, ஆளைத் தண்ணீருக்குள் முக்கி எடை போட்டார். கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும். நுரையீரலில் நிற்கும் காற்றைக் கழித்துவிட்டால் உடம்பின் அடர்த்தி கைக்கு வந்துவிடும்.

1942-இல் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரை இறக்கினார். அவர்களில் 17 பேர் உயர-எடை அட்டவணைப்படி ராணுவத்துக்கு லாயக்கில்லாத தடியர்கள். முதல்தர இன்சூரன்ஸும் கிடைக்காது. முக்கிப் பார்த்தால், பலருக்கு உடம்பெல்லாம் தசை! எதிரணியை முட்டித் தள்ளுகிறவனை ஒரு துண்டுக் காகிதம் தள்ளி வைத்திருந்தது.

பிறகு வில்லியம் சிரி. இமயமலை ஏறுகிற ஆசாமி. 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழி, கொழுப்பின் சதவீதம் வரும் என்றார். அடர்த்தி 1.1 என்றால் விடை பூஜ்யம். எலும்பு கெட்டியான வீரர்கள் சிலர் அந்த 1.1-ஐயும் தாண்ட, கொழுப்பு மைனஸில் போயிற்று. பக்கத்து வீட்டில் கடன் வாங்கித்தான் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும்.

இன்று வீட்டு எடை மெஷின் உள்ளங்கால் வழியே துளி மின்சாரம் விட்டுக் கொழுப்பை ஊகிக்கிறது. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாலே பேச்சை மாற்றும். அதே மெஷின், அதே நேரம், வெறும் வயிறு என்று மாதக்கணக்கில் குறித்தால் போக்கு புரியும். ஒருநாள் எண்ணை நம்பி இட்லியைக் குறைப்பது, இட்லி மேல் போடும் வீண்பழி.