வாட்டும் வாட்

ஓசூர் சிப்காட் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவு எனக்கு. ஐம்பது குதிரைசக்தி மோட்டாருக்கு எந்த பிரேக்கர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் மட்டும், ட்யூப்லைட் மாற்றவே ராயக்கோட்டை ரோட்டிலிருந்து ஆள் வருவார். ஆகவே, பையனின் கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை பெட்டி வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டபோதே, அது காசு கொடுக்கும் பொறுப்புதான் என்று புரிந்துவிட்டது.

பையன் 850 வாட் கேட்டான். நண்பன் வீட்டில் 850 இருக்கிறதாம். ஷிப்டில் கூட இருக்கும் கன்னடக்காரர், "ஸ்பேர் இருக்கட்டும் சார், ஆயிரமே போடுங்க" என்றார். சட்டைப் பையிலேயே மூன்று டெஸ்டர் வைத்திருப்பவர் வேறென்ன சொல்வார்? வீட்டம்மாவோ, "இருக்கறதுலயே கம்மி எதுங்க?" என்றாள். 850 வாட் பெட்டி மாட்டினால் மீட்டரும் 850 வாட்டுக்கே ஓடும் என்பது அவள் கட்சி.

பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 115 வாட். ஐ5 12400எஃப் பிராசஸருக்கு 65 என்று போட்டிருந்தாலும் முழு மூச்சில் 117 வரை போகும். மதர்போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்துத் தாராளமாக அறுபது. முந்நூறைத் தாண்டவில்லை. இந்தக் கார்டுக்கு என்விடியாவே சொல்வது 550தான். அதுவும் கொஞ்சம் கூட்டிச் சொல்வது. பெட்டிமேல் எழுதியிருப்பது அதனால் கொடுக்க முடிந்த உச்சம். கேட்டால் கொடுக்கும், கேட்காவிட்டால் சும்மா இருக்கும். அந்த விஷயத்தில் அது என்னைப் போல.

அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரு எஸ்.பி. ரோடு போனோம். கேபினெட் வாங்கினால் 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்றார் கடைக்காரர். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. ஸ்டிக்கரைத் திருப்பினேன். பெரிய எழுத்தில் 450. அடியில் பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு நேரே, 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட்! கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். பக்கத்திலிருந்த 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) பெட்டியில் அதே இடத்தில் 45 ஆம்பியர், அதாவது 540. இதைக் கண்டுபிடித்த பெருமிதத்தோடு திரும்பிப் பார்த்தேன். பையன் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

550 வீட்டுக்கு வந்தது. மீட்டர் கட்சியைச் சமாதானப்படுத்துவது மட்டும் பாக்கி. "சுவரிலிருந்து இழுக்கறது கூடிப்போனா 350 வாட். மூணு மணி நேரம் கேம் ஆடினா ஏறக்குறைய ஒரு யூனிட். நம்ம கெய்சர் 2000 வாட், அரை மணி நேரத்துலயே ஒரு யூனிட் இழுத்துடும்" என்று விளக்கினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஓசூர்க் குளிரில் தலைக்கு ஷாம்பு போட்டு நிற்கிறேன். வெளியே சுவிட்ச் 'டப்' என்றது.

"ஏங்க, அரை யூனிட் ஆயிடுச்சு!"