ரசாயனத் தல புராணம்

தமிழ்நாட்டில் தல புராணம் இல்லாத ஊர் கிடையாது. ஒரு ஊரில் பசு தானாகப் பால் சொரிந்திருக்கும்; இன்னோர் ஊரில் மண்வெட்டி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துளசிச் செடியடியில் குழந்தையாக ஆண்டாள் கிடைத்த கதை. பக்கத்து இராஜபாளையத்துக்குப் பஞ்சாலை, சிமென்ட், நாய் என்று கொஞ்சம் லௌகீகமான கதைகள். இந்த இரண்டு ஊருக்கும் சேர்த்து யாரும் எழுதாமல் விட்ட புராணம் ஒன்று உண்டு. அது ரசாயனப் புராணம். படித்தவர்க்கும் கேட்டவர்க்கும் மோட்சம் சித்திக்கும் என்று வழக்கமாகப் போடும் பலஸ்ருதியை மட்டும் இதற்குப் போட முடியாது. சரக்கு அப்படி.

நம் பக்கத்தின் முதல் நுகர்வோர் விழிப்புணர்வுப் பிரச்சாரகர் ஆண்டாள்தான். சிரிக்காதீர்கள். நோன்பிருக்கும் பெண்கள் எதையெல்லாம் விலக்க வேண்டும் என்று திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்திலேயே பட்டியல் வந்துவிடுகிறது. நெய் கிடையாது, பால் கிடையாது, கண்ணுக்கு மை கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உணவுப் பண்டத்தையும் அழகுசாதனத்தையும் ஒரே பாட்டில் முடித்துவிட்டார். இன்றைக்கு அதற்கு இரண்டு தனித்தனி அலுவலகம், இரண்டு தனித்தனி ஜீப்.

பூவில் அன்றைக்கு மருந்தடிக்கவில்லை, அதை விடுங்கள். மை யோசிக்க வேண்டிய சமாச்சாரம். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையென்றால் பிழைத்தோம். அஞ்சனக்கல்லை அரைத்து இழைத்ததென்றால் அதில் பெரும்பாலும் இருப்பது ஈயம். அந்த ஈயத்துக்குப் பயந்துதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நம் கண்மையை ஊருக்குள் விடுவதில்லை. கோதை நாச்சியார் ஈயத்துக்காக மையை விலக்கவில்லை, கண்ணனுக்காக விலக்கினார். காரணம் வேறானாலும் கண் தப்பியது.

ஆனால் 27ஆம் பாசுரத்துக்கு வாருங்கள். நோன்பு முடிந்துவிட்டது. நகை வந்தாயிற்று, புதுப் புடவை வந்தாயிற்று, பால்சோறும் வந்தாயிற்று. அந்தச் சோற்றை மூடி நெய் முழங்கை வழியாக வடிகிறது. இருபத்தாறு நாள் விலக்கியதை ஒரே நாளில் வட்டியும் முதலுமாக வசூல் செய்வதற்குக் கூடாரவல்லி என்று பெயர். பக்தியில் அதற்குப் பெரிய தத்துவம் உண்டு. வைணவப் பெரியவர்கள் மணிக்கணக்காகச் சொல்வார்கள். பின்னால் வந்த அரசாங்கங்கள் தத்துவத்தை விட்டுவிட்டுக் கால அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டன. கொஞ்ச நாள் விலக்கு, அப்புறம் முழங்கை வழிய நெய். இந்தப் புராணத்தின் மிச்சக் கதை முழுக்க இதுதான்.

தீப்பெட்டியில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம் அடித்தது, அதுவும் தாமதமாக வந்ததால். ஐரோப்பாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்துத் தீக்குச்சி செய்தார்கள். எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். செய்கிறவர்களின் தாடை எலும்பும் கூடவே அழுகும். 1906இல் பெர்ன் நகரில் கூடி, இது வேண்டாம் என்று பல நாடுகள் கையெழுத்துப் போட்டன. 1913இல் இந்தியாவிலும் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறியது 1920களின் தொடக்கத்தில். பத்து வருஷம் பிந்திப் போனதால் ஒரு தலைமுறையின் தாடை பிழைத்தது. விரட்டிய பாஸ்பரஸ் சும்மா இருக்குமா? மஞ்சள் பாஸ்பரஸ் என்று சட்டையை மாற்றிக்கொண்டு எலி பேஸ்ட்டாக வந்தது, பற்பசை டியூப் மாதிரியே ஒரு டியூபில், பற்பசை விற்கும் அதே பெட்டிக்கடையில். இப்படி ஒரு பொட்டலத்தை யோசித்தவனுக்குச் சிலை வைக்கலாம், எலிகள் பார்க்கிற இடத்தில்.

அடுத்தது பவுடர் யுகம். டிடிடியை 1874இலேயே ஒருவர் செய்து பாட்டிலில் அடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அது பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் மருத்துவ நோபல் பரிசு. 1953இல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் அது நம் தெருவுக்கே வந்தது. காக்கிச் சட்டை ஆட்கள் பம்போடு வந்து அடுப்படி, மாட்டுத்தொழுவம், சாமி அறை என்று பேதம் பார்க்காமல் அடித்துவிட்டு, அடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள். சும்மா சொல்லக் கூடாது, வேலை செய்தது. சுதந்திரம் வாங்கிய காலத்தில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு வந்த காய்ச்சல் 1965இல் ஏறத்தாழ ஒரு லட்சமாக இறங்கியது. கொசுவை ஜெயித்துவிட்டோம் என்று நாம் கொஞ்சம் அசந்தோம். கொசு அசரவில்லை. 1976இல் 64 லட்சம் பேருக்குக் காய்ச்சல். மூட்டைப்பூச்சி அதற்கும் முன்னாலேயே டிடிடியைப் பழகிக்கொண்டு, சினிமா கொட்டகைப் பெஞ்சில் குடும்பத்தோடு படம் பார்த்துக்கொண்டிருந்தது. வயலுக்கு அடிக்க டிடிடி கூடாது என்று 1989இல் சொன்னார்கள்.

டிடிடி சர்க்கார் விருந்தாளி. தேதி சொல்லி வரும், தேதி எழுதிப் போகும். காமாக்சின் பவுடர் வீட்டு மாப்பிள்ளை. 1825இல் மைக்கேல் ஃபாரடே முதன்முதலில் செய்து பார்த்த பொருள் அது. லண்டனில் பிறந்த அந்தப் பொருளுக்கு இராஜபாளையத்து அடுப்படி எறும்போடு என்ன விரோதமோ தெரியவில்லை. அரிசிக் குதிரைச் சுற்றி ஒரு கோடு, அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோடு, தொட்டிலின் நாலு காலையும் சுற்றி நாலு வட்டம். நாய்க்கு உண்ணியா, அதற்கும் அதே பவுடர். பிள்ளைக்குத் தலையில் பேனா, அதற்கும் அதே. ஊரே மார்கழி மாதிரி வெள்ளைக் கோலமாக இருந்தது. “அதுல ஒண்ணும் செய்யாது, மருந்துதான” என்று ஆச்சிமார் சர்டிபிகேட் கொடுத்தார்கள். அந்தப் பவுடரைத் தடை செய்தபோது 1997 ஆகிவிட்டது. அதற்குள் அதைத் தலையில் தடவிக்கொண்ட பிள்ளைகளுக்கே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

இதற்கு நடுவே, மலைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒன்றைப் பற்றிக் கேலி பேச வாய் வராது. 1958இல் கேரளத்துக்குக் கப்பலில் வந்த சரக்கில் பாலிடால் என்ற பூச்சிமருந்தும் உணவுப் பொருளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. மருந்து கசிந்து மாவில் கலந்தது. சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதை விசாரிக்கக் கமிஷன் போட்டு, யோசித்து, பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது 1968இல். நடைமுறைக்கு வந்தது 1971இல். அந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு மருந்து ஆபத்தானது என்று மாநில அரசுக்குத் தோன்றினால் 60 நாள் தடுத்து வைக்கலாம். போதாதென்றால் இன்னொரு 30 நாள். அதற்கு மேல் டெல்லி பார்த்துக்கொள்ளும். ஒரு மண்டல விரதம் 48 நாள்; இது ஏறத்தாழ இரண்டு மண்டலம், அவ்வளவுதான்.

இனி மாம்பழப் படலம். இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கும். சித்திரை, வைகாசியில் அந்த வாசனைக்காகவே பஸ்ஸை விட்டு இறங்கலாம். அந்தக் காயை வைக்கோலில் பொதிந்து, அறையைச் சாத்தி, நாலைந்து நாள் பொறுத்திருந்தார்கள் நம் பாட்டன்மார். காயிலிருந்தே வரும் எத்திலீன் வாயுவை வைக்கோல் வெளியே விடாமல் பிடித்து வைக்கும், பழம் பழுக்கும். எத்திலீன் என்ற பேரே தெரியாமல் அதை ஆண்ட பரம்பரை.

இந்தக் கதைக்குள் வட அமெரிக்காவிலிருந்து தாமஸ் வில்சன் என்று ஒருவர் வருகிறார். 1892இல் மின் உலையில் சுண்ணாம்பையும் நிலக்கரித் தாரையும் போட்டு உருக்கினார். அவர் தேடியது அலுமினியத்துக்கு ஒரு குறுக்குவழி. கிடைத்தது ஒரு கருங்கல். அதைத் தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று வாயு வந்தது. நெருப்பைக் காட்டினால் பளிச்சென்று எரிந்தது. அதுதான் கார்பைட் கல். சுரங்கத்திலும் சைக்கிளிலும் விளக்காக எரிந்து, வெல்டிங் பட்டறைக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒரு மகராசன் கையில் ஏறி மாங்காய்க் குடோனுக்குள் நுழைந்தது. காயிலிருந்தே வரும் ஈரம் போதும், கல் வேலையைத் தொடங்கிவிடும். கிளம்புகிற அசிட்டிலீன், எத்திலீனின் பங்காளி. காய் ஏமாந்துபோய் மஞ்சளாகிறது. தோல்தான் பழம், உள்ளே புளிப்புக் காய். மட்டமான கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இதில் முதலில் அடி வாங்குவது தின்கிற நாம் அல்ல, மூடிய குடோனுக்குள் அந்த வாயுவை மூச்சாக இழுத்துக்கொண்டு பெட்டி அடுக்குகிற கூலியாள். அவரைப் பற்றி ஒரு டிவியிலும் செய்தி வந்து நான் பார்த்ததில்லை.

கடையில் நடக்கும் உரையாடல் ஊருக்கே மனப்பாடம்.

“அண்ணாச்சி, கல்லு வச்சதா?”

“சேச்சே! நம்ம தோப்புப் பழம் தம்பி. மோந்து பாருங்க.”

“போன வாரம் வாங்கினது உள்ள புளிச்சுதே?”

“அது ரகம் அப்படி.”

கார்பைட் கல்லுக்குப் பழைய கலப்படத் தடை விதிகளிலேயே தடை இருந்தது. 2011இல் வந்த புது விதிகளிலும் தடை. 2016இல், எத்திலீன் வாயுவாகவே விட்டுப் பழுக்கவைத்துக்கொள்ளுங்கள், 100 பிபிஎம் வரை பரவாயில்லை என்று வழியும் காட்டினார்கள். ஆனாலும் சீசனுக்குச் சீசன் சோதனை நடக்கிறது. டிவிக்காரர்கள் வருகிறார்கள், பெட்டி பெட்டியாகப் பழத்தை அள்ளிப் போய்க் கொட்டுகிறார்கள், கொட்டியதன் மேல் பினாயில் ஊற்றுகிறார்கள். ரசாயனம் பட்ட பழத்தை ரசாயனம் ஊற்றி அழிப்பது எந்தச் சாஸ்திரம் என்று யாரும் கேட்பதில்லை. ஆடி பிறந்தால் சீசன் முடியும், கேமராவும் போய்விடும்.

மேகியை நாம் மறக்கவில்லை. 2015 ஜூன் 4 அன்று, நூடுல்ஸில் ஈயம் என்று சொல்லித் தமிழக அரசு மூன்று மாதத் தடை விதித்தது. ஆயிரம் வருஷம் கண்ணில் தீட்டிய ஈயம் அன்றைக்குத்தான் நமக்குப் பகையாளி ஆனது. நாடு முழுக்கத் திரும்ப வாங்கிய 25,000 டன்னுக்கு மேற்பட்ட நூடுல்ஸைச் சிமென்ட் ஆலைச் சூளைகளில் போட்டு எரித்தார்கள். இரண்டு நிமிடத்தில் வேகிற பண்டத்துக்கு இத்தனை பெரிய அடுப்பு. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நாடு தழுவிய தடையை நீக்கியது, தீபாவளிக்கு மேகி கடைக்கு வந்துவிட்டது. வாங்கிய கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் கூடாரவல்லியை விளக்க வேண்டியதில்லை.

2024 பிப்ரவரி 17 அன்று பஞ்சு மிட்டாய்க்கு முறை வந்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருப்பது பரிசோதனையில் தெரிந்து தமிழக அரசு தடை செய்தது. பஞ்சை நூற்றுப் பிழைத்த இராஜபாளையத்துக்கு, சர்க்கரையை நூற்று அதற்கும் சேலைச் சாயமே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கலர் போகாது என்று தைரியமாகச் சொல்லி விற்றிருக்கலாம்.

கடைசியாகப் பால். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் பாலைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேராத அவர்களுடைய பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்றும் சேராததால்தான் அது சில நாளில் கெடுகிறது. அமெரிக்காவுக்குப் பார்சல் கட்டிவிட்டு, “பூசணம் பிடிச்சிருச்சாமே” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள், கெடாத பால்கோவா கிடைத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பாலுக்கு வந்த பெரிய சோதனை 2017 மே மாதம். அப்போதைய பால்வளத் துறை அமைச்சர், சிவகாசி எம்.எல்.ஏ. ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள், புற்றுநோய் வரும் என்று போட்டு உடைத்தார். மறுநாள் காலை தமிழ்நாடு காபி டம்ளரை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஆதாரமில்லாமல் இப்படிப் பேசக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. பாலுக்குத் தடை வரவில்லை, வாய்க்கு வந்தது.

சரி, பாலில் என்னதான் இருந்தது? 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுக்க 6,432 மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. குடிக்க ஆகாதபடி கலப்படம் செய்யப்பட்டவை என்று தேறியது வெறும் 12. வில்லனைத் தேடிப் போனவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 அளவுக்கு மீறி இருந்தது. அதில் முதலிடம் நமக்கு: தமிழ்நாட்டில் எடுத்த 551இல் 88. இதை யாரும் ராத்திரியில் திருட்டுத்தனமாகக் கலக்கவில்லை. நனைந்த கடலைப் புண்ணாக்கிலும் தீவனத்திலும் வளரும் பூசணம் விடுகிற நஞ்சு மாட்டின் வயிற்றுக்குள் போய்ப் பாலோடு வெளியே வருகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழி செத்தபோதுதான் உலகமே இதைக் கண்டுபிடித்தது. அங்கேயும் குற்றவாளி பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான். இது ஈரலைத் தாக்கும், காய்ச்சினாலும் போகாது. சுத்தமான இயற்கைப் பொருள். ஆர்கானிக் கடையில் வைத்தால் லேபிள் ஒட்டத் தடையில்லை.

அறிக்கை வந்தது 2019 அக்டோபரில். புண்ணாக்குக்கு எதிராக எந்தக் கட்சியும் மறியல் செய்யவில்லை. பூசணத்தின் மேல் கேஸ் போட அதற்கு முகவரி கிடையாது. எனவே இந்தப் புராணத்தை இதுவரை படித்தவர்களில் மாடு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. புண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் ஏற்றி வையுங்கள். மழையில் நனைந்து பச்சை படிந்த மூட்டையை, காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று தட்டி உதறி மாட்டுக்கு வைக்காதீர்கள். அதைக் குப்பையில் கொட்டுங்கள்.