லான்செட்டில் எங்கள் சின்னம்மா

ரெட்டியார்சத்திரத்தில் இப்போது மருத்துவ ஆராய்ச்சி பேசாத ஆள் கிடையாது. பழனி ரோட்டு டீக்கடையில் நாலு பேர் கூடினால் முதலில் மழை, அப்புறம் சின்ன வெங்காயத்தின் விலை, அதற்கப்புறம் ‘மூணு மாசச் சுகர்’ என்றுதான் பேச்சு போகிறது. என் தம்பி சர்க்கரை இல்லாமல் டீ சொல்வான். அதில் பட்டர் பன்னைத் தோய்த்துத் தின்றபடியே, தமிழ்நாட்டில் 100 பேரில் 14 பேருக்குச் சர்க்கரை என்று அடித்துச் சொல்வான். சொல்வது சரிதான். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரோடு சேர்ந்து செய்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு, இங்குள்ள பெரியவர்களில் 14.4 சதவீதம் என்றும், நாடு முழுக்க 10.1 கோடிப் பேர் என்றும் கணக்குச் சொன்னது. அந்தப் பதினாலில் தானும் ஒருவன் என்பதைத் தம்பி சொல்லமாட்டான். பன் சொல்லிவிடும்.

அவன் போனில் வரும் மற்ற ஆராய்ச்சிகளுக்கு ஊர், பேர், எண்ணிக்கை எதுவும் இருக்காது. “அமெரிக்காவுல கண்டுபிடிச்சிருக்காங்கக்கா” என்றால் தீர்ந்தது. திங்கட்கிழமை வெந்தயம் நல்லது என்பார்கள். வியாழக்கிழமை அதே அமெரிக்காவில் அதே வெந்தயம் கிட்னியைக் கெடுக்கும். எத்தனை பேரைப் பார்த்தார்கள், எத்தனை வருஷம் பார்த்தார்கள், யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்று நான் கேட்டால், “டீச்சர் புத்தி போகுதா பாரு” என்பான்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆராய்ச்சி நடந்து வந்தது. ஒரு நீள ரெஜிஸ்டர், மடக்குக் குடை, ரப்பர் செருப்பு. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் நான் சின்னம்மா வாக்கப்பட்ட ஊருக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டில் 30-லிருந்து 59 வயசுக்குள் எத்தனை பொம்பளைகள் என்று ஆரம்பித்தாள். எத்தனை வயசில் கல்யாணம், எத்தனை பிள்ளை, மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேள்வி உள்ளே போகப் போக, சின்னம்மாவின் மாமியார் உலக்கையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“எழுதிக்கிட்டுப் போனவுக யாரும் இந்த ஊருக்கு நல்லது எழுதிட்டுப் போனதில்ல தாயி.”

கிழவி சொன்னதில் நியாயம் இருந்தது. திண்டுக்கல் சீமைக்கு ரெஜிஸ்டர் புதுசில்லை. டாக்டர் சௌந்தரம் அம்மாவின் காந்திகிராமத்துக்காரர்கள் 1960-களிலேயே ஆத்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்துக் குடும்பக்கட்டுப்பாட்டுக்கு ஒரு முன்மாதிரியே செய்து காட்டியவர்கள். அது நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் பின்னால் எமர்ஜென்சி வந்து, கு.க. என்ற இரண்டெழுத்தைக் கேட்டாலே ஆண்கள் தோட்டத்துக்குள் ஓடிய காலமும் வந்தது. கையில் பேனாவோடு யார் வந்தாலும் கிழவிக்கு அந்தக் காலத்து கு.க. வேன்தான் ஞாபகம் வரும்.

வந்தது கு.க. இல்லை. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை என்ற ஊரில் கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமுதாய நல மையம் இருக்கிறது. அங்கே டாக்டர் ஆர். ராஜ்குமார், டாக்டர் பி.ஓ. எஸ்மி, சென்னையிலிருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், பிரான்சின் லியோன் நகரத்தில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையிலிருந்து ஆர். சங்கரநாராயணன் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க வழக்கமாகச் செய்யும் பாப் ஸ்மியர் சோதனைக்கு லேப் வேண்டும், ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், ரிசல்ட் வந்தபிறகு அந்தப் பெண் இன்னொரு தரம் வரவேண்டும். நம் கிராமத்தில் இந்த மூன்றும் நடக்காது. அப்படியானால் ஒரு நர்ஸ், ஒரு விளக்கு, கொஞ்சம் வினிகர் இவற்றை வைத்து உயிரைக் காப்பாற்ற முடியுமா?

ஆடம்பரம் இல்லாத கேள்வி. அதைவிட ஆடம்பரம் இல்லாத இடத்தில்தான் பதில் தேடினார்கள். ஊரில் ஒரு கட்டடத்தை ஒழித்துக் கொடுத்து, கட்டிலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தது. சின்னம்மா பக்கத்து வீட்டுக்காரியின் துணைக்குத்தான் போனாள். அந்தம்மா வாசலிலேயே வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டாள், இவள் உள்ளே போய்விட்டாள். கர்ப்பப்பையின் வாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தொட்டு வைத்து, ஒரு நிமிஷம் காத்திருந்து, விளக்கைக் காட்டிப் பார்ப்பார்கள். நல்ல செல் அப்படியே இருக்கும். கெட ஆரம்பித்த செல்லில் புரதம் கூடுதல் என்பதால் அமிலம் பட்டதும் திட்டாக வெளுக்கும். அவ்வளவுதான் சோதனை. நான் கேட்டபோது சின்னம்மா சொன்னது: “ஊறுகாய்க் கம்பெனி வாசம் அடிச்சுது. ஒரு நிமிசம் பேசாம இருங்கம்மான்னாங்க. பெறகு அந்த நர்ஸ் பிள்ள மொகம் மாறிருச்சு.”

வெளுத்திருந்தது. அங்கேயே பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்த்து, துளி சதை எடுத்தார்கள். ஐஸ் வைத்துச் சரிசெய்யலாம், இன்றைக்கே செய்யலாம் என்றார்கள். “இன்னொரு நாளைக்கு வான்னு சொன்னா வரமாட்டேன் தாயி. வெங்காயம் அறுவடைக்குக் கெடக்கு. என்ன செய்யணுமோ இப்பவே செஞ்சு விட்ருங்க” என்றாளாம். இப்படி ஒருத்தி இதைத்தான் சொல்வாள் என்று முன்கூட்டியே யோசித்துத்தான் அந்த ஆராய்ச்சியை அமைத்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. பார்ப்பது, உறுதி செய்வது, சிகிச்சை எல்லாம் ஒரே வருகையில், பயிற்சி பெற்ற நர்ஸின் கையாலேயே முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. கேஸ் சிலிண்டரில் இணைத்த உலோக முனையை வைத்து மூன்று நிமிஷம் உறைய வைப்பது, ஐந்து நிமிஷம் விடுவது, மறுபடி மூன்று நிமிஷம்.

உலைக்கு அரிசி போடும் நேரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

“கு.க.வா?” என்றார் மாமியார்.

“இல்லத்த. ஐஸ் வச்சாங்க.”

“எங்கிட்டு?”

சின்னம்மா சொன்னாள். கிழவி உலக்கையை விட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

2007 ஆகஸ்டில் அது லான்செட்டில் வந்தது. மருத்துவர்கள் அந்தப் பத்திரிகையில் பெயர் வர ஆயுசெல்லாம் காத்திருப்பார்களாம். மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கிப் பாதிப்பாதியாகப் பிரித்திருந்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பக்கம் 49,311 பெண்கள், வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்த பக்கம் 30,958 பேர். அழைத்தவர்களில் 31,343 பேர் வந்தார்கள், அதாவது 63.6 சதவீதம். 3,088 பேருக்கு வெளுத்தது. அந்த 3,088-ல் ஒன்று எங்கள் சின்னம்மா. பெயர் போடவில்லை, வெங்காயத்தையும் குறிப்பிடவில்லை. 2006 வரை கணக்கு வைத்துப் பார்த்ததில், அழைக்கப்பட்ட பக்கம் புற்றுநோய் 25 சதவீதமும் அந்த நோயால் சாவு 35 சதவீதமும் குறைவு. வினிகரைத் தொட்டுப் பார்த்தால் உயிர் தங்கும் என்பதற்கு உலகத்திலேயே அப்படி ஒரு சோதனையில் கிடைத்த முதல் நிரூபணம் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் கொடுத்தது.

மறுபக்கத்தில் 92 பேர் இறந்தார்கள். இந்த எண்ணை நான் சீக்கிரம் கடந்துபோகப் பார்ப்பேன், முடிவதில்லை. எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் பின்னாளில், இந்தியாவில் நடந்த இந்த மாதிரிச் சோதனைகளில் ஒரு பகுதிப் பெண்களைச் சோதிக்காமல் விட்டது முறையா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் காலத்தில் எந்தக் கிராமத்திலும் எந்தச் சோதனையும் கிடையாது, ஒப்பிட ஆளில்லாமல் நிரூபணமும் கிடையாது என்பது மறுபக்கத்து வாதம். அதுவும் உண்மை. குலுக்கலில் எந்த ஊர் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் ஒருத்தியின் தலையெழுத்தாக இருந்திருக்கிறது. சின்னம்மாவின் ஊர் நல்ல பக்கம் விழுந்தது. இதற்குமேல் எனக்குச் சமாதானம் தெரியவில்லை.

நம் மண்ணில் நடந்தது நமக்குக் கடைசியாக வந்து சேர்வதும் புதுசில்லை. தாத்தாவின் தம்பியைக் காசநோய் என்று தாம்பரம் சானடோரியத்தில் போட்டார்கள். அப்பத்தா ஜிமிக்கியை விற்று அவருக்கு முட்டைக்கும் பாலுக்கும் பணம் அனுப்பினாள். அதே பத்தாண்டில், 1956-ல், சென்னை சேத்துப்பட்டில் வாலஸ் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரும் ஐசிஎம்ஆரும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். 193 நோயாளிகளில் ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி நெருக்கடியான வீடுகளிலேயே மாத்திரையோடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானது அதற்குப் பிறகுதான். சாப்பாடும் ஓய்வும் இல்லாமலே மருந்து குணப்படுத்துகிறது என்று அப்போது மகிழ்ந்தார்கள். 2023-ல் ஜார்க்கண்டிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. அன்று அந்தச் சோதனையை நடத்திய சேத்துப்பட்டு நிறுவனத்துக்கு இதிலும் பங்கு உண்டு. நோயாளியின் வீட்டாருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்தால், அந்த வீட்டில் அடுத்தவருக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைகிறது. ஜிமிக்கி விற்ற அப்பத்தா இதைப் படித்திருந்தால், இதற்கு எதுக்குடா இத்தனை வருஷம் என்றிருப்பாள்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். லான்செட் வந்த அதே 2007-ல் தேனியிலும் தஞ்சாவூரிலும் தமிழக அரசு இந்த வினிகர் சோதனையை முன்னோட்டமாக நடத்தி, பிறகு எல்லா மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கொண்டுவந்தது. இலவசம். ஐந்து நிமிஷம். சேலை கட்டிய கட்டில் இல்லை, நிஜக் கதவு போட்ட அறை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30-லிருந்து 49 வயதுக்குள் என்றைக்காவது ஒரு தரம் சோதித்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்தியாவில் 1.9 சதவீதம்தான் என்பதால் நாம் இதற்குப் பெருமைப்படவும் இடமிருக்கிறது. ஒன்றும் தெரியாத காலத்தில், மாமியார் உலக்கையோடு நிற்க, நூற்றுக்கு 63 பேர் போனார்கள். எல்லாம் தெரிந்த காலத்தில் பத்துப் பேர் போகவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு வயது 46. ஆன்டி-ஆக்சிடன்ட் எதில் எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். சோதனைக்குப் போகச் சொன்னால், “வேலை இருக்கு மதினி” என்பாள்.

அவள் மகளுக்கு 13 வயது. போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு டாக்டர், இதே கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி எழுதிக் கொடுத்தார். தம்பி சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“இது எங்க கண்டுபிடிச்சது? அமெரிக்காவுல போடுறாங்களா?”

போடுகிறார்கள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். டீச்சர் புத்தி. இந்த ஊசியில் ஒரு டோஸே போதும் என்று உலகத்துக்குக் காட்டிய சோதனைகளில் பெரியது ஒன்று இந்தியாவில் நடந்தது, அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம் என்று ஆரம்பித்தேன். 2009-ல் இரண்டு டோஸா மூன்று டோஸா என்று பார்க்க ஒன்பது இடங்களில் பெண் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். அந்த நேரம் ஆந்திராவிலும் குஜராத்திலும் வேறு ஒரு ஊசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்துபோக, ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொல்வதற்குள், 2010 ஏப்ரலில் மத்திய அரசு இதையும் சேர்த்து நிறுத்தச் சொல்லிவிட்டது. முதல் ஊசியோடு நின்றுபோன பிள்ளைகள் மட்டும் ஏறக்குறைய 5,000 பேர். கெட்டுப்போன சோதனை என்று மூட்டை கட்டாமல், அவர்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: வைரஸ் உடம்பில் நீடித்துத் தங்காமல் தடுப்பதில் ஒரு ஊசிக்கே 95.4 சதவீதப் பாதுகாப்பு. அடுத்த வருஷம் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் போதும் என்றது. அரசு தடுத்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு. திட்டமிட்டிருந்தால் யாரும் அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள்.

தம்பி முகம் தொங்கிப்போனது. “ஒட்டன்சத்திரத்துக்கிட்ட இருக்கே, அந்த அம்பிளிக்கையா?” என்றான். அமெரிக்கா என்றால் அவனுக்கு நம்பிக்கை; அம்பிளிக்கை என்றால் பஸ் போகும் ஊர். அப்புறம் கோபம் வந்தது. “அப்ப நம்ம பிள்ளைகள வச்சா சோதிச்சாங்க?”

சின்னம்மா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டிவிட்டது. “ஏன்டா, அமெரிக்காக்காரன் பிள்ளைய வச்சுச் சோதிச்சிருந்தாத் தேவலையா?” என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஒண்ணு போதும்னா இந்த டாக்டர் ஏன் ரெண்டு எழுதியிருக்காரு?”

அவன் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. அந்தச் சோதனையில் போட்டது கார்டசில். இவர் எழுதியிருப்பது புனே சீரம் கம்பெனியின் செர்வாவாக். இதற்கு நம் நாட்டில் உரிமம் கொடுத்திருப்பது இந்த வயதுக்கு இரண்டு டோஸ் என்று. ஒரு ஊசிக்குக் கிடைத்த நிரூபணத்தை இன்னொரு ஊசிக்கு அப்படியே ஒட்டவைக்க டாக்டருக்கு மனசில்லை. அவர் செய்ததுதான் சரி என்றேன். தம்பி விலையை இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத்தானே, போடுவோம் என்றான்.

சின்னம்மா தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினாள். “பிள்ளைக்கு ஊசி. ஒனக்கு?”

“போகணும் சின்னம்மா. இந்த மாசம் வேலை முடியட்டும்.”

“எனக்கும் அன்னைக்கு வெங்காயம் கெடந்துச்சு.”

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரலைத் தாழ்த்தி, “வலிக்குமா?” என்று கேட்டாள்.

“பாக்குறதுக்கு வலிக்காது. ஐஸ் வச்சா ரெண்டு மூணு வாரத்துக்குத் தண்ணியாப் படும். பழைய துணி நெறைய எடுத்து வச்சுக்க” என்றாள் சின்னம்மா. தம்பி போனைத் தேடுகிறவன் போல எழுந்து வாசலுக்குப் போனான்; போன் அவன் கையில்தான் இருந்தது.